720 பேலட் கணக்கு

ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் இருக்கிறது எங்கள் குடோன். 60 அடி அகலம், 100 அடி நீளம், ஓரத்தில் 25 அடி உயரம். சரக்கு இரண்டு வகைதான். டேனரிகளுக்குப் போகும், தோல் பதனிட உதவும் வாட்டில் பொடி மூட்டைகள் ஒன்று, ஆம்பூரிலிருந்து வரும் ஏற்றுமதி ஷூ பெட்டிகள் இன்னொன்று. பெட்டி மேல் பெட்டி அட்டி போட்டால் அடியில் இருப்பது நசுங்கும். மூட்டை அட்டி சாயும். அதனால் 210 பேலட் (சரக்கை அடுக்கித் தூக்கும் மரத்தட்டு) வைத்ததுமே குடோன் 'நிரம்பி' விடும். மேலே 20 அடி வெறும் காற்று.

ரேக் போடலாம் என்று விலை கேட்டோம். ஒரு சப்ளையர் 'டிரைவ்-இன்' ரேக்கைச் சிபாரிசு செய்தார். வண்டி போக வழியே விடாமல் ரேக்கை நெருக்கி நிறுத்தி, ஃபோர்க்லிஃப்ட்டே உள்ளே நுழைந்து பேலட்டை இருபக்கத் தண்டவாளத்தில் வைத்துவிட்டு வரும் முறை அது. சாதாரண ரேக்கில் 380 பேலட் பிடிக்கும், இதில் 720 என்றார். அந்த எண்ணிலேயே நான் விழுந்துவிட்டேன்.

முதலில் விழித்துக்கொண்டது எங்கள் ஃபோர்க்லிஃப்ட் டிரைவர். படத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாண்ணே, கெணத்துக்குள்ள வண்டி ஓட்டச் சொல்றீங்க? மொதல்ல வெச்சத கடைசியில தானே எடுக்க முடியும்?" என்றார். உண்மைதான். வாட்டில் பொடி ஈரத்தை இழுக்கும் சரக்கு. மழைக்காலம் தாண்டினால் பழைய மூட்டை கட்டிதட்டிப்போகும். முதலில் வந்தது முதலில் போகவேண்டும். டிரைவ்-இன் சந்தில் அது நடக்காது, ஆழத்தில் இருப்பது ஆழத்திலேயே கிடக்கும்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. எங்களுடையவை இங்கேயே மரக்கடையில் அடித்த பேலட்டுகள், ஃபோர்க்லிஃப்ட்டின் முள் (தூக்கும் இரும்புக் கை) இரு பக்கம் மட்டுமே நுழையும். முள் நுழையும் திசையில்தான் அடிக்கட்டைகள் ஓடும், சந்துக்குள் அது தண்டவாளத்துக்கு இணையான திசை. அப்படியானால் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே எடையைத் தாங்குவது மேல்பலகை மட்டும்தான். 25 கிலோ மூட்டை 40 ஏற்றினால் ஒரு டன். ஒரு பேலட்டை இரண்டு ஓரத்திலும் முட்டுக்கொடுத்து ஏற்றிப் பார்த்தோம். பலகை வளைந்து தொங்கியது. தலைக்கு மேல் 15 அடியில் இது நடந்தால்?

கடைசியில் பாதிப் பாதியாக முடிவு செய்தோம். மூட்டைகளுக்குச் சாதாரண ரேக், எந்தப் பேலட்டையும் நேரே எடுக்கலாம். ஷூ பெட்டிக்கு டிரைவ்-இன். ஒரு ஆர்டர் பெட்டிகள் எல்லாம் ஒரே கன்டெய்னரில் போவதால் முன்பின் பார்க்க வேண்டியதில்லை, எடையும் குறைவு. மொத்தம் 480 இடம்.

அப்புறம் தரை. "பழைய தரையே போதும் சார்" என்றார் சப்ளையர். எனக்கு மனசு கேட்கவில்லை, தெரிந்த இன்ஜினியரைக் கூப்பிட்டேன். சாதாரண ரேக்கில் கீழ்த்தட்டுப் பேலட் தரையில் உட்கார்ந்துவிடும். மேல் மூன்று தட்டில் ஒரு கண்ணுக்கு, அதாவது தட்டுக்கு இரண்டு பேலட் நிற்கும் ஒரு இடைவெளிக்கு, ஆறு டன் தொங்கும். கணக்குப் போட்டால் நடுவில் இருக்கும் ஒவ்வொரு காலும் மூன்று டன்னை ஒரு சாண் அகலம்கூட இல்லாத தகட்டின் வழியாகத் தரையில் இறக்குகிறது. துளை போட்டு எடுத்துப் பார்த்தால் கான்கிரீட் 100 மில்லிமீட்டர், அடியில் கிராவல். மூட்டைப் பக்கத்துத் தரையை உடைத்து, கம்பி கட்டி, 200 மில்லிமீட்டர் போட்டோம். பெட்டிப் பக்கம் அந்த எடைக்குத் தாங்கும் என்றார், விட்டுவிட்டோம்.

மே மாத வெயில். வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. புதுக் கான்கிரீட் இறுகப் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினால் மாலைக்குள் காணாமல் போகும், தினமும் லாரித் தண்ணீர். 28 நாள் முடியாமல் ரேக் காலைத் தரையோடு பிணைக்கும் ஆங்கர் போல்ட் அடிக்கக்கூடாது என்று இன்ஜினியர் பிடிவாதமாக நின்றார். சரக்கெல்லாம் பக்கத்துக் கொட்டகையில் வாடகைக்குக் கிடந்தது. அந்த மாதம் எனக்குத் தூக்கமே இல்லை.

ரேக் நிறுத்தியது ஒன்பதே நாள். பழைய தரை ஒரு பக்கமாகச் சரிந்திருந்ததால் கால்களுக்கு அடியில் இரும்புத் தகடு சொருகி, தூக்குக்குண்டு விட்டு நேராக்கினார்கள். பேலட்டைத் தாங்கும் குறுக்குப் பீமைக் காலில் மாட்டும் கொக்கிக்குப் பூட்டுப்பின் போடாமல் நாலு இடத்தில் விட்டிருந்தார்கள். நான் ஏணி போட்டு ஏறி எண்ணியதால் தெரிந்தது. அடியிலிருந்து முள் இடித்தால் பீம் கழன்றுவரும்.

480 இடம் என்றாலும் 480 ஒருநாளும் நிறையாது. ஒரு சந்தில் 20 பேலட் பிடிக்கும், ஆர்டர் 13 என்றால் மீதி ஏழு இடம் அந்தச் சரக்கு போகும்வரை காலிதான், வேறு ஆர்டரை முன்னால் வைத்தால் பின்னால் இருப்பது சிறைப்படும். கணக்கெடுத்தபோது 390 தாண்டவில்லை. ஆனாலும் 210 எங்கே, 390 எங்கே.

போன வாரம் ஐந்தாம் சந்துக் காலில் வண்டி இடித்துவிட்டது. டிரைவர் முகம் வாடிப்போய் நின்றார். தட்டி நிமிர்த்திக்கொள்ளலாம் என்று வெல்டர் சொன்னார், நான் ஒப்புக்கொள்ளவில்லை. புதுக் கால் வரும்வரை அதன் இருபக்கச் சந்தையும் காலிசெய்து கயிறு கட்டி வைத்திருக்கிறோம்.