மரமும் ஸ்டாரும் முடிந்த பிறகு: கேட், கைப்பிடி, மாடிப்படிக்கு அடியில்

டிசம்பர் பிறந்ததும் கிறிஸ்துமஸுக்காக வாசலில் ஸ்டார் ஏறிவிடும். ஹாலில் ஒரு மூலை மரத்துக்கு, இன்னொரு மூலை குடிலுக்கு. வாங்கிய சீரியல் செட் எல்லாம் அந்த இரண்டிலேயே தீர்ந்துபோகும். மாடிப்படி, ஜன்னல் கம்பி, இரும்புக் கேட், கை கழுவும் இடம் எல்லாம் வெறுமையாகவே கிடக்கும். அதற்குக் காரணமும் உண்டு. பக்கத்தில் பிளக் பாயின்ட் இருக்காது, இல்லையென்றால் ஆள் உரசிக்கொண்டு போகிற இடம், அதுவும் இல்லையென்றால் ஈரம். எந்தக் காரணம் என்று பார்க்காமல் கட்டினால் 25ஆம் தேதிக்கு முன்பே கழன்று தொங்கும்.

முதலில் கேட். மரக்கதவுக்கு வெளியே இரும்புக் கேட் இருக்கிற வீட்டில், மலர் வளையத்தைக் கதவில் மாட்டினால் இரண்டே நாளில் சப்பையாகிவிடும். வளையம் 4 அங்குலக் கனம், இடைவெளி 3 அங்குலம் என்றால் கேட்டைச் சாத்தும்போதெல்லாம் நசுங்கத்தான் செய்யும். அதனால் கேட்டின் வெளிப்பக்கத்தில் கட்டுங்கள். மேலே ஒரு கட்டு மட்டும் போட்டால் திறக்கும்போதெல்லாம் ஆடி, கம்பியில் இடித்து, மணிகள் உதிரும். கீழேயும் ஒரு கட்டு வேண்டும். பிளாஸ்டிக் டேக் (கேபிள் டை) போட்டால் வால் பகுதியை ஒட்ட நறுக்கி, வெட்டிய முனையை உள்பக்கமாகத் திருப்பிவிடுங்கள், கையைக் கீறாது. தாழ்ப்பாளுக்குக் கை போகிற இடத்தில் எதையும் கட்ட வேண்டாம். சவுக்குக் கிளையில் நீங்களே வளையம் செய்வதானால் 23ஆம் தேதி செய்யுங்கள். நாலைந்து நாளில் அது உதிர ஆரம்பித்துவிடும்.

மாடிப்படிக் கைப்பிடிக்கு அளவுதான் முக்கியம். பச்சைச் சரத்தை வளைவு வளைவாகத் தொங்கவிடுவதானால் கைப்பிடி நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு வேண்டும். சுற்றிக்கொண்டே போவதானால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. 12 அடிக் கைப்பிடிக்குத் தொங்கல் என்றால் 18 அடி, அதாவது 6 அடிச் சரம் மூன்று. சுற்றுவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். படி ஏறும் பெரியவர்களுக்குப் பிடிக்க இடம் வேண்டும். கைப்பிடிக்குக் கீழே, வெளிப்பக்கமாகத் தொங்கட்டும்.

எவர்சில்வர் கைப்பிடியில் இன்னொரு தொல்லை. வழவழப்பு, அதோடு சரிவு. இரவு கட்டிய சரம் காலையில் கீழ்ப்படியில் குவிந்து கிடக்கும். வெறும் குழாயைச் சுற்றி முடிச்சுப் போடாதீர்கள். நிற்கும் கம்பி கைப்பிடியோடு சேருகிற இடத்தில், இரண்டையும் குறுக்காகச் சேர்த்துக் கட்டினால் முடிச்சு அந்தக் கம்பியில் தடுத்து நிற்கும். துணி ரிப்பன் போதும். செல்லோ டேப் வேண்டாம், கழற்றும்போது பிசின் தங்கி தூசி பிடிக்கும்.

விளக்கு விஷயத்தில் மட்டும் கறாராக இருக்க வேண்டும். அடாப்டர் இல்லாமல் நேராக பிளக்கில் செருகுகிற மலிவு சீரியல் செட்டில், அந்த மெல்லிய வயரில் ஓடுவது வீட்டு 230 வோல்ட்தான். மரத்தில் சுற்றுவது வேறு, இரும்பில் சுற்றுவது வேறு. வயரின் மேல்தோல் ஒரு இடத்தில் உரிந்தாலும் கைப்பிடி முழுக்கக் கரன்ட் பாயலாம். கைப்பிடி, ஜன்னல் கம்பி, கேட் மூன்றுக்கும் 5 வோல்ட் யு.எஸ்.பி. சரமோ பேட்டரிச் சரமோ மட்டும் போடுங்கள். வீட்டில் ஆர்.சி.சி.பி. (கரன்ட் கசிந்தால் தானே விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கிற சுவிட்ச்) இருந்தால் அதன் டெஸ்ட் பட்டனை இந்தச் சாக்கில் ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிடலாம். விழவில்லை என்றால் அலங்காரத்துக்கு முன்னால் எலக்ட்ரீஷியன்.

யு.எஸ்.பி. சரத்தைப் பவர் பேங்கில் செருகினால் அரை நிமிடம் எரிந்து அணைந்துவிடுகிறது என்று பலர் சரத்தைக் குறை சொல்வார்கள். சரம் இழுக்கிற கரன்ட் மிகக் குறைவு, அதனால் எதுவும் செருகவில்லை என்று நினைத்துப் பவர் பேங்க் தானே அணைகிறது. பழைய போன் சார்ஜர் ஒன்று போதும். மூன்று ஏஏ பேட்டரிச் சரத்தில் ரீசார்ஜ் பேட்டரி போட்டால் வெளிச்சம் மங்கும். சாதா பேட்டரி மூன்றும் சேர்ந்தால் 4.5 வோல்ட், ரீசார்ஜ் பேட்டரி என்றால் 3.6தான். பொத்தான் பேட்டரி போட்ட குட்டி விளக்குகளைக் குழந்தை இருக்கிற வீட்டுக்கு வாங்கவே வேண்டாம். விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும்.

மாடிப்படிக்கு அடியில் இருக்கிற முக்கோணப் பொந்துதான் வீட்டிலேயே குடிலுக்குத் தோதான இடம். கூரை ஏற்கெனவே சரிந்து, குகை மாதிரியே இருக்கும். ஆனால் பல வீடுகளில் இன்வெர்ட்டர் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. தண்ணீர் ஊற்றுகிற வகைப் பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளிவிடும். அதை வைக்கோலால் மூடுவதும், பக்கத்தில் மெழுகுவர்த்தி ஏற்றுவதும் கூடவே கூடாது. இன்வெர்ட்டர் இருந்தால் குடிலை ஹாலிலேயே வையுங்கள்.

குடிலைச் சுற்றிப் புல்தரைக்குக் கேழ்வரகு முளை. ஒன்றரை அடிக்கு ஓரடித் தட்டு, அடியில் ஓட்டை உள்ளது. தென்னை நார்த்தூளை நனைத்துப் பிழிந்து ஓர் அங்குலத்துக்குப் பரப்புங்கள். இரண்டு மேசைக்கரண்டி முழுக் கேழ்வரகை 13ஆம் தேதி இரவு ஊறவைத்து, மறுநாள் தூவி, ஈரத்துணியால் மூடுங்கள். மேலே மண் வேண்டாம். இரண்டு மூன்று நாளில் வெள்ளை வேர் தெரிந்ததும் துணியை எடுத்துவிட்டு, வெளிச்சமான ஜன்னலோரம் வையுங்கள். தண்ணீர் தெளிப்பானில் மட்டும். ஊற்றினால் விதை ஒரு பக்கம் ஒதுங்கி, நடுவில் வழுக்கை விழும். முதல் நாளே எறும்பு வந்து தூக்கிக்கொண்டு போகும், அதனால் தட்டைத் தண்ணீர் நிறைந்த பெரிய தட்டின் நடுவே ஒரு கல் போட்டு, அதன்மேல் வையுங்கள்.

ஆரம்பத்திலிருந்தே மாடிப்படிக்கு அடியில் வளர்த்தால் இருட்டில் மஞ்சளாக நீண்டு, படுத்துவிடும். ஜன்னலோரத்தில் வளர்த்து 23ஆம் தேதி உள்ளே நகர்த்துவதுதான் வழி. களிமண் சொரூபங்களை நேராக ஈரத்தில் நிறுத்தாதீர்கள், அடிப்பாகம் ஊறிப் பெயின்ட் உரியும். உடைந்த டைல்ஸ் துண்டு ஒன்றைப் புல்லுக்குள் பதித்து அதன்மேல் நிறுத்தினால் பாதையும் ஆயிற்று. பாலன் இயேசுவின் இடம் 24ஆம் தேதி இரவு வரை காலியாக இருக்கட்டும். பனிக்குப் பஞ்சு போடுகிறவர்கள் விளக்கை அதற்குள் புதைக்க வேண்டாம்.

கை கழுவும் இடத்தில் ஒட்டும் கொக்கி நிற்காததற்குக் காரணம் சோப்புப் படலம். டைல்ஸைச் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துடைத்து, காயவிட்டு, இரண்டு டைல்ஸ் சேரும் கோட்டைத் தவிர்த்து ஒட்டி, ஒரு மணி நேரம் கழித்து எடை தொங்கவிடுங்கள். டிஸ்டெம்பர் சுவரில் இதெல்லாம் நடக்காது, சுண்ணாம்போடு உரிந்து வரும்.

சமையலறையில் ஜிகினா கட்டவே வேண்டாம். முறுக்கும் கல்கலும் பொரிக்கிற வாரம், எண்ணெய்ப் புகை பட்டால் பிசுபிசுப்பு ஏறி, கழுவவும் முடியாது. கண்ணாடி ஜாடி ஒன்றில் பட்டையும் அன்னாசிப்பூவும் போட்டு அலமாரியில் வைத்தால் முடிந்தது. அன்னாசிப்பூவே ஒரு நட்சத்திரம்தானே.

மூன்று ராஜாக்கள் திருநாளான ஜனவரி 6க்குப் பிறகு கழற்றும்போது பேட்டரிகளை வெளியே எடுத்துவிட்டுச் சரத்தை அட்டைத் துண்டில் சுற்றி வையுங்கள். உள்ளேயே விட்டால் கசிந்து ஸ்பிரிங் பச்சை பூத்துவிடும். கேழ்வரகுத் தட்டை அப்படியே மாடித் தொட்டியில் கவிழ்த்துவிடலாம்.