மறுபதிப்புக்கான தாள்

பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்துநராக நான் சேர்ந்தபோது எங்களுக்கு இருந்தவை இரண்டே அறைகள். ஒன்றில் நாங்கள் அமர்ந்திருந்தோம்; மற்றொன்றில், அதுதான் பெரியது, விற்காத புத்தகக் கட்டுகள் இருந்தன. கத்தோலிக்கப் பதிப்பகம், அதிலும் இலாப நோக்கற்றது என்பதால் விற்பனையைப் பற்றிப் பேசவே எங்களுக்குக் கூச்சம். அச்சுக்கூலியையும் தாளின் விலையையும் கூட்டி, அதையே அட்டையில் விலையாகப் போடுவோம். செபப் புத்தகம் சில மாதங்களில் தீர்ந்துவிடும். மறுபதிப்புக்குக் கையில் பணம் இராது. நன்கொடையில் அச்சான கனத்த ஆய்வு நூல்களோ அறையை விட்டு நகரா.

பின்னர் பொறுப்பேற்ற அருள்தந்தை, முதல் மாதம் முழுவதும் கையிருப்புப் பதிவேட்டைத்தான் படித்தார். இலாப நோக்கற்றது என்றால் மிச்சமே கூடாது என்று பொருளில்லை, மிச்சத்தை யாரும் பங்கிட்டுக்கொள்ளக் கூடாது என்பதே பொருள் என்று அவர் விளக்கியபோது மூத்தவர்கள் முகம் சுளித்தார்கள், நானும்தான். ஒரு புத்தகத்தை விற்றால் அதன் அடுத்த பதிப்புக்கான தாளும் அந்த விலைக்குள் வந்துவிட வேண்டும் என்பது அவருடைய கணக்கு. விலையைச் சற்றே உயர்த்தினோம். முறையீடு எதுவும் வரவில்லை. அதுவரை வந்த கடிதங்களெல்லாம் புத்தகம் கிடைக்கவில்லை என்பதைப் பற்றியவைதாம்.

பதிப்பகத்தை உண்மையில் வளர்த்தது அன்றாடத் திருப்பலி வாசகங்களின், அதாவது கோவில் வழிபாட்டில் நாள்தோறும் படிக்கும் விவிலியப் பகுதிகளின், ஆண்டுத் தொகுப்பு. திருவழிபாட்டு ஆண்டு, நவம்பர் 30-க்கு மிக அருகில் வரும் ஞாயிறன்று தொடங்குகிறது. அதற்குள் பங்குக் கோவில்களுக்குப் போய்ச் சேராத தொகுப்பு பழைய தாள்தான். அந்த அவசரத்தில், இரட்டைப்படை ஆண்டு ஒன்றுக்கான தொகுப்பை, முந்தைய ஆண்டின் கோப்பை வைத்தே ஆயத்தம் செய்தோம். ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுச் சுழற்சியில் வருபவை. அவற்றைக் கவனமாக மாற்றினோம். பெருவிழாக் காலங்களில் சேராத பொதுக்கால வாரநாள்களின் முதல் வாசகம் ஈராண்டுச் சுழற்சியில் வருவது. அதை மாற்ற மறந்தோம். மெய்ப்பில் நான் நற்செய்தியை மட்டுமே ஒப்பிட்டுப் பார்த்தேன். வாரநாள் நற்செய்தி இரண்டு ஆண்டுகளுக்கும் ஒன்றே என்பதால் எல்லாம் சரியாகவே தெரிந்தது. கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய திருவருகைக் காலத்திலும் கிறிஸ்து பிறப்புக் காலத்திலும் வாரநாள் வாசகங்கள் ஆண்டுதோறும் மாறாதவை. ஆகவே பிழை ஜனவரி வரை பதுங்கிக் கிடந்தது. பொதுக்காலத்தின் முதல் திங்களன்று காலையிலேயே தொலைபேசி ஒலித்தது. பீடத்திலிருந்த வாசக நூலில் முதல் வாசகம் 1 சாமுவேல் நூலிலிருந்து, வாசகர் கையிலிருந்த எங்கள் புத்தகத்தில் எபிரேயர் திருமுகத்திலிருந்து. பேசிய பங்குத்தந்தை கோபப்படவில்லை; "இதை அங்கே யாரும் படித்துப் பார்ப்பதில்லையா?" என்று மட்டும் கேட்டார். கோபித்திருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

சரியான வாசகங்களைத் தனி இணைப்பாக எங்கள் செலவிலேயே அச்சிட்டு, சந்தா கட்டியிருந்த ஒவ்வொரு முகவரிக்கும் அனுப்பினோம். அந்த ஆண்டின் மிச்சம் அதோடு கரைந்தது. அதன் பிறகு ஒருவர் வாய்விட்டு வாசிக்க, மற்றவர் வாசக நூலில் விரல் வைத்துத் தொடர்வது வழக்கமாயிற்று. மெதுவான வேலை, ஆனால் மறு ஆண்டு, இரண்டு படிகள் வாங்கிய பங்குகள் சில ஐந்து கேட்டு எழுதின.

எங்கள் வேகத்துக்கு இன்னொரு கடிவாளமும் உண்டு. செபப் புத்தகங்களுக்கு மறைமாவட்டத் தலைவரான ஆயரின் அனுமதி தேவை. திருச்சபைச் சட்டத்தின் 829-ஆம் விதிப்படி அந்த அனுமதி மூலப் பாடத்துக்கே உரியது, புதிய பதிப்புக்கோ மொழிபெயர்ப்புக்கோ செல்லாது. நாலு மன்றாட்டுகளைச் சேர்த்துத் திருத்திய பதிப்பு என்று போட்டாலும் மறுபடி விண்ணப்பம், மறுபடி பரிசீலனை, மறுபடி காத்திருப்பு. தொடக்கத்தில் இதை அலுவலகத் தாமதம் என்றே நினைத்தேன். எபிரேயர் விவகாரத்துக்குப் பின், அச்சுக்கு முன்னால் இன்னொருவர் படிக்கிறார் என்பதே போதும் என்று தோன்றிவிட்டது.

பெரிய அறையில் இப்போது பெரும்பாலும் வெள்ளைத் தாள்தான் இருக்கிறது. செபப் புத்தகத்தின் திருத்திய பதிப்பு ஆயரகத்துக்குப் போயிருக்கிறது. அதற்கான தாளை, போன பதிப்பு விற்ற பணத்திலேயே வாங்கி அடுக்கிவிட்டோம்.