ஹையர் வரலாறு: லிபரல் சீர்திருத்தக் கட்டுரைக்கு நான் படித்த விதம்

ஸ்காட்லாந்தின் பள்ளி இறுதித் தேர்வுகளில் ஒன்றான ஹையர் ரிசல்ட் வந்துவிட்டது. வரலாற்றில் ஏ, பெரிய நிம்மதி. பிரிட்டன் பகுதியில், லிபரல் கட்சி அரசு கொண்டுவந்த 1906-14 லிபரல் சீர்திருத்தங்கள் வறுமையை எவ்வளவு தூரம் போக்கின என்ற கட்டுரையை எழுத நினைப்பவர்களுக்காக, எல்லாம் மனதில் இருக்கும்போதே இதை எழுதுகிறேன். மதிப்பெண் பிரிப்பு உங்களுக்கே தெரியும், அதற்குள் போகவில்லை.

எனக்குக் கைகொடுத்தது ஒரே ஒரு பழக்கம்தான். ஒவ்வொரு சட்டத்தைப் படிக்கும்போதும் "இதில் விடுபட்டவர் யார்?" என்று கேட்டு, பதிலை அந்தச் சட்டத்துக்குப் பக்கத்திலேயே குறித்துவைப்பேன். சட்டம் என்ன கொடுத்தது என்பதை எல்லோரும் எழுதுவார்கள், விடுபட்டவரை எழுதும்போதுதான் மதிப்பீடு தொடங்குகிறது.

முதலில் ஒரு தொகையை மனப்பாடம் செய்யுங்கள்: 21 ஷில்லிங் 8 பென்ஸ் (அன்று 12 பென்ஸ் ஒரு ஷில்லிங்). இங்கிலாந்தின் யார்க் நகரில் கணவன், மனைவி, மூன்று பிள்ளைகள் உள்ள குடும்பம் ஒரு வாரம் உயிர்வாழ இதுதான் குறைந்தபட்சம் என்று அங்கே வறுமையை ஆய்ந்த ரவுன்ட்ரீ கணக்கிட்டார். அந்தக் கணக்கில் ஒரு தபால்தலைக்குக்கூட காசு கிடையாது, புகையிலைக்கும் கிடையாது, பிள்ளைக்கு ஒரு பொம்மைக்கும் கிடையாது. அதைப் படித்த அன்று மனம் கனத்துவிட்டது, அப்புறம் எந்தச் சட்டத்தின் தொகையைப் பார்த்தாலும் இதோடுதான் ஒப்பிட்டேன்.

பின்னணியில் நேரத்தைக் கொட்ட வேண்டாம். லண்டனில் சார்லஸ் பூத் தன் ஆய்வில் கண்ட 30 சதவீத ஏழைகள், யார்க்கில் ரவுன்ட்ரீ கண்ட 28 சதவீதம், தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போருக்கு ஆள் எடுத்தபோது உடல்தகுதி இல்லாமல் திரும்பிய இளைஞர்கள். நாலு வரி, முடிந்தது.

இனி, சீர்திருத்தங்கள் உதவ முயன்ற ஐந்து பிரிவினர்.

பிள்ளைகள்: 1906 பள்ளி உணவுச் சட்டம் உள்ளாட்சிகளுக்கு அனுமதி மட்டுமே கொடுத்தது, கட்டாயமானது 1914இல்தான். 1907 பிராட்ஃபோர்டு ஆய்வைக் கட்டாயம் சேருங்கள். பள்ளியில் சாப்பாடு கிடைத்த வாரங்களில் பிள்ளைகளின் எடை ஏறியது, விடுமுறை விட்டதும் இறங்கியது. உணவு பலன் தந்தது என்பதற்கும், அது போதவில்லை என்பதற்கும் இந்த ஒரே சான்று போதும். மருத்துவப் பரிசோதனை 1907இல் வந்தாலும், சிகிச்சைக்கு அரசு மானியம் 1912 வரை இல்லை.

முதியோர்: எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 1908 சட்டப்படி 70 வயதானவருக்கு வாரம் 5 ஷில்லிங் வரை ஓய்வூதியம், 1909 ஜனவரி 1 முதல், அதுவும் தபால் அலுவலகத்தில். ஏழைகளுக்கு அவமானகரமான நிபந்தனைகளோடு உதவிய பழைய ஏழைச் சட்டத்தின் அதிகாரிகளிடம் கைநீட்டாமல் தபால் அலுவலகத்தில் போய் வாங்கியது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை அழுத்தி எழுதுங்கள். விடுபட்டவர்கள்: 70 வயதுக்கு முன்பே உடல் ஓய்ந்தவர்கள், சிறை சென்றவர்கள், தொடக்கத்தில் ஏழைச் சட்ட உதவி வாங்கியவர்களும்கூட.

நோயாளிகள்: 1911 தேசியக் காப்பீடு. வாரச் சந்தாவாகத் தொழிலாளி 4 பென்ஸ், முதலாளி 3, அரசு 2. நோயில் விழுந்த ஆணுக்கு வாரம் 10 ஷில்லிங், பெண்ணுக்கு ஏழரை. 10 என்பது 21 ஷில்லிங் 8 பென்ஸில் பாதிகூட இல்லை. மருத்துவர் பார்ப்பதும் காப்பீடு கட்டியவரை மட்டும்தான், அவர் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அந்த உரிமை இல்லை. பேறுகாலத்துக்கு 30 ஷில்லிங் உண்டு, அவ்வளவுதான்.

வேலையில்லாதோர்: அதே 1911 சட்டப்படி வாரம் 7 ஷில்லிங், ஆண்டுக்கு 15 வாரம் வரை. கட்டுமானம், கப்பல் கட்டுதல், பொறியியல் போன்ற சில தொழில்களில் சுமார் 22.5 லட்சம் பேருக்கு மட்டும். ஸ்காட்லாந்தின் கிளைடு நதிக்கரையில் கப்பல் கட்டியவர் உள்ளே, பண்ணையாளும் வீட்டு வேலைக்காரப் பெண்ணும் வெளியே.

வேலை செய்தும் ஏழைகளாக இருந்தவர்கள்: பலர் இதை ரெண்டு வரியில் கடந்துவிடுகிறார்கள், நான் இங்கேதான் நின்றேன். முதல்நிலை வறுமைக்கு, அதாவது வருமானமே அந்தக் குறைந்தபட்சத்துக்கு எட்டாத நிலைக்கு, மிகப் பெரிய காரணம் குறைந்த கூலி என்று ரவுன்ட்ரீ கண்டார், பாதிக்கும் மேல் அதனால்தான். ஆனால் குறைந்தபட்சக் கூலியை நிர்ணயித்த 1909இன் கூலி வாரியங்கள் தொட்டது தையல், அட்டைப்பெட்டி, லேஸ், சங்கிலி செய்தல் ஆகிய 4 தொழில்களை மட்டும். நோய் எங்கே இருந்ததோ அங்கே மருந்து மிகக் குறைவு. என் வாதம் முழுவதும் இதன் மேல்தான் நின்றது.

இன்னும் சில:
- இந்தச் செலவுக்காகப் பணக்காரர் மேல் வரி கூட்டிய 1909இன் மக்கள் பட்ஜெட், அதை எதிர்த்த பிரபுக்கள் சபையோடு (நாடாளுமன்ற மேலவை) நடந்த சண்டை சுவாரசியமானவைதான். பணம் எங்கிருந்து வந்தது என்று ஒரு வரி சொல்லிவிட்டு நகருங்கள்.
- ஃபிளாஷ்கார்டு எனக்கு ஒத்துவராது. ஒவ்வொரு பிரிவையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன், தடுமாறும் இடத்தில் புரியவில்லை என்று அர்த்தம்.
- ஏழைச் சட்டம் ஒழிக்கப்படவில்லை, ஏழைகளைத் தங்கவைத்து வேலை வாங்கிய அதன் விடுதிகள் (workhouse) 1914இலும் இருந்தன. இது இல்லாமல் கட்டுரையை முடிக்காதீர்கள்.

முடிவுரையில் ஐந்து பிரிவையும் அதிகப் பலன் பெற்றவர் முதல் குறைவாகப் பெற்றவர் வரை வரிசைப்படுத்துங்கள். நான் முதியோரை மேலேயும், கூலி போதாதவர்களைக் கீழேயும் வைத்தேன். பிள்ளைகளை நீங்கள் மேலே வைத்தாலும் சரி, காரணத்தைச் சொல்லிவிடுங்கள்.