ஸ்விட்சின் வயதை பில் தேதியில் தேடாதீர்கள்

அலுவலக நெட்வொர்க்கில் எதை மாற்றலாம், எதை இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம் என்று பார்க்கும்போது பலரும் முதலில் தேடுவது கொள்முதல் பில்லை. அந்தத் தேதி தேய்மானக் கணக்குக்குத்தான் உதவும். நமக்கு வேண்டியது, தயாரிப்பாளர் ஆதரவை (மென்பொருள் திருத்தம், பழுது உதவி) நிறுத்தும் தேதி. கணினிகளை கேபிளால் நெட்வொர்க்கில் இணைக்கும் பெட்டியான ஸ்விட்சில், சிஸ்கோ கேட்டலிஸ்ட் 2960-எக்ஸ் மாடலை எடுத்துக்கொள்ளுங்கள். விற்பனை 2022 அக்டோபர் 31-இல் முடிந்தது, ஆதரவு 2027 அக்டோபர் 31 வரை. 2015-இல் வாங்கியவருக்கும் 2022-இல் கடைசி இருப்பை வாங்கியவருக்கும் கெடு ஒன்றுதான். கடைசி நேரத் தள்ளுபடியில் வாங்குவோர் பாதி ஆயுளைக் கடையிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள்.

இணையத்துக்கும் அலுவலகத்துக்கும் நடுவே காவல் நிற்கும் ஃபயர்வாலுக்கு இரண்டு தேதிகள் உண்டு: வன்பொருளுக்கு ஒன்று, மென்பொருளுக்கு ஒன்று. ஃபயர்வால் தயாரிக்கும் ஃபோர்ட்டிநெட்டில் பொதுவாகக் கடைசி ஆர்டர் தேதியிலிருந்து 60 மாதம் வன்பொருளுக்கு ஆதரவு. அதில் ஓடும் மென்பொருளான ஃபோர்ட்டிஓஎஸ் பதிப்புகளுக்கு வெளியீட்டிலிருந்து 36 மாதம் முழுப் பராமரிப்பு, 54 மாதத்தோடு சரி. பெட்டி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். அதில் ஏற்றக்கூடிய கடைசிப் பதிப்பு காலாவதியாகியிருக்கும். அப்படிப்பட்ட ஃபயர்வாலை இணையத்தின் முகப்பில் ஒரு நாளும் வைக்கக் கூடாது. பட்ஜெட் போதவில்லை என்றால் ஸ்விட்சைத் தள்ளிப்போடுங்கள், ஃபயர்வாலைத் தள்ளாதீர்கள்.

பதிவேடு எக்செல்லில் இருந்தாலே போதும். மாடல், சீரியல் எண், மென்பொருள் பதிப்பு, எந்த ரேக், ஆதரவு முடியும் தேதி, கடைசியாக 'இது நின்றால் எது நிற்கும்'. மாற்றும் வரிசையைத் தீர்மானிப்பது அந்தக் கடைசிக் கட்டம்தான். சீரியல் எண்ணை ஸ்டிக்கரைப் பார்த்து எழுதாமல், ஸ்விட்சில் 'ஷோ இன்வென்டரி' என்ற கட்டளையைக் கொடுத்து எடுங்கள். பல ஸ்விட்சுகளை ஒன்றாகக் கோத்து ஒரே சாதனமாக ஓட்டினாலும் ஒவ்வொன்றும் தனித்தனியாக வரும்.

பெட்டியின் உடல்நிலையை அறிய 'ஷோ என்வ் ஆல்' கட்டளை: ஃபேன், வெப்பம், பவர் சப்ளை மூன்றும் தெரியும். போர்ட்டில் சிஆர்சி பிழை (தரவு சிதைந்து வருவதைக் காட்டும் எண்ணிக்கை) ஏறுகிறதென்றால் உடனே ஸ்விட்சைக் குறை சொல்ல வேண்டாம். முதலில் பேட்ச் கார்டை (போர்ட்டில் செருகும் குட்டிக் கேபிளை) மாற்றிப் பாருங்கள், பிறகு அதே இணைப்பை வேறு போர்ட்டில் செருகிப் பாருங்கள். பெரும்பாலும் குற்றவாளி கேபிள்தான். பல ஆண்டுகள் ரீபூட் ஆகாமல் ஓடும் பெட்டியைப் பார்த்து நிம்மதியடைவதும் தவறு. 2017-இல் வெளிவந்த இன்டெல் ஆட்டம் சி2000 சிப்பின் கிளாக் கோளாறில், ஓடிக்கொண்டிருந்த சில சாதனங்கள் ரீபூட் செய்ததும் எழவே இல்லை. ஆகவே பழைய பெட்டியை அணைப்பதற்கு முன் கான்ஃபிக் (அமைப்புகள்) நகல், பெட்டியோடு நேரடியாகப் பேச உதவும் கன்சோல் கேபிள், மாற்றுப் பெட்டி மூன்றும் கையில் இருக்கட்டும்.

அதிகம் சறுக்குவது பிஓஇ, அதாவது நெட்வொர்க் கேபிள் வழியே தரும் மின்சாரத்தின் கணக்கில். 370 வாட் பிஓஇ உள்ள 24 போர்ட் ஸ்விட்ச், போர்ட்டுக்கு 15.4 வாட் வீதம் எல்லாப் போர்ட்டுக்கும் தரும். புது வைஃபை 6 ஆக்சஸ் பாயின்ட் 30 வாட் கேட்டால் 12 போர்ட்டோடு நின்றுவிடும். மின்சாரம் போதாவிட்டால் சில ஆக்சஸ் பாயின்ட்கள் ரேடியோவைக் குறைத்துக்கொண்டு ஓடும். 'புது வைஃபையும் ஸ்லோ' என்று புகார் வரும். அதனால் ஆக்சஸ் பாயின்ட்டுக்கு மதிப்பீடு வாங்கும் அன்றே 'ஷோ பவர் இன்லைன்' கட்டளையைப் பார்த்துவிடுங்கள். யூபிஎஸ் பேட்டரியையும் பதிவேட்டில் சேருங்கள். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் அதன் ஆயுள் ஏறத்தாழ பாதியாகிறது. ஏசி இல்லாத ஸ்டோர் ரூமில் மூன்று ஆண்டை எதிர்பார்க்க வேண்டாம்.

ஆதரவு முடிந்த ஆக்சஸ் ஸ்விட்சை (பயனர் கணினிகள் செருகப்படும் ஸ்விட்ச்), அதே மாடலில் ஒரு உபரி அலமாரியில் இருந்து, அதை நிர்வகிக்கும் விலானும் (நெட்வொர்க்குக்குள் பிரித்த தனி நெட்வொர்க்) தனியாக இருந்தால், சிறிது காலம் ஓட்டலாம். மற்ற ஸ்விட்சுகளெல்லாம் வந்து சேரும் கோர் ஸ்விட்சில் அந்தச் சலுகை கிடையாது.

கழற்றிய பெட்டியில் 'ரைட் இரேஸ்' கட்டளை கொடுத்தால் ஸ்டார்ட்அப் கான்ஃபிக் (பெட்டி எழும்போது படிக்கும் அமைப்பு) மட்டும்தான் போகும். ஃப்ளாஷ் நினைவகத்தில் இருக்கும் விலான் பட்டியல் கோப்பை (vlan.dat) தனியாக அழிக்க வேண்டும். யாரோ எடுத்து வைத்த பழைய கான்ஃபிக் நகல்களையும் தேடி நீக்குங்கள். ஸ்விட்சுகள் விலான் பட்டியலைத் தமக்குள் பகிர்ந்துகொள்ளும் விடிபி முறையின் 1, 2 பதிப்புகள் ஓடும் இடத்தில் இதைத் தவறவிட்டால் ஆபத்து. அதே டொமைன் பெயரும் கடவுச்சொல்லும், அதிக ரிவிஷன் எண்ணும் (பட்டியல் எத்தனை முறை மாறியது என்ற எண்) கொண்ட பழைய ஸ்விட்சை ட்ரங்க்கில் (ஸ்விட்சுகளை இணைக்கும் இணைப்பில்) செருகினால், அது கிளையன்ட் மோடில் இருந்தாலும் ஓடும் நெட்வொர்க்கின் விலான் பட்டியலை மாற்றி எழுதிவிடும். செருகுவதற்கு முன் டிரான்ஸ்பரன்ட் மோடுக்கு மாற்றுங்கள், ரிவிஷன் எண் பூஜ்யமாகும். கிளவுட் கணக்கில் பதிந்திருந்தால் அங்கிருந்தும் விடுவியுங்கள்.

பிறகு காயலான் கடைக்குப் போட வேண்டாம். இந்தியாவில் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுத்து, சீரியல் எண்களோடு ரசீது வாங்கிப் பதிவேட்டில் அந்த வரியை மூடுங்கள். பேட்டரிகளுக்கு விதிகள் வேறு, அவற்றைத் தனியாக ஒப்படைக்க வேண்டும்.