நன்றியுள்ள ஜீவனா? அட போங்கப்பா

தெருவுல கிடந்த நாயையோ பூனையையோ எடுத்து வளக்குறோம்னு சொன்னா போதும், கேக்குறவங்க பத்துல ஒம்போது பேரு ஒரே டயலாக்தான் விடுவாங்க, "இதுங்கதான்பா நன்றியோட இருக்கும், சாகுற வரைக்கும் நீ பண்ணத மறக்காது"ன்னு. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்க வீட்டு ரெண்டு உருப்படியையும் பாத்தா அப்படி ஒரு அறிகுறியும் தெரியல. நாய் பேரு சொங்கி, பூனை பேரு தொல்லை. சொங்கி சோபாவ முழுசா எடுத்துக்கிட்டு எங்கள தரையில உக்கார வச்சிருக்கான், கொஞ்சம் நகருடான்னா ஒரு பெருமூச்சு வேற விடுவான். தொல்லை விடியுறதுக்கு முன்னாடியே மூஞ்சில கால வச்சு அமுக்கி எழுப்புவா, நாம எந்திரிச்சு போய் கிண்ணத்த நிரப்புனா மோந்து பாத்துட்டு வேணாம்னு போயிருவா. நன்றிக்கடன் பட்டவங்க பண்ற வேலையா இது?

எனக்கு என்ன தோணுதுன்னா, அதுங்க நமக்கு எதுவும் கடன்படல, அப்படி கணக்கெல்லாம் அதுங்க வச்சுக்கிறதும் இல்ல. இதுல இருக்கிற சந்தோஷமே வேற. மனுசன நம்பக் கூடாதுன்னு முடிவு பண்ணி வச்சிருக்கிற ஒரு ஜீவன் அந்த முடிவ கொஞ்சம் கொஞ்சமா மாத்திக்கிறத பக்கத்துல இருந்து பாக்கிறோம் பாருங்க, அதுக்குத்தான் நான் அடிமை. ரொம்ப மெதுவா நடக்கும், பாதி நேரம் போட்டோ எடுத்து போடுற மாதிரி ஒண்ணுமே இருக்காது.

சொங்கி வந்தப்பவே பெரிய நாய்தான். வயசு என்ன இருக்கும்னு டாக்டர்கிட்ட கேட்டா வாயத் திறந்து பல்லப் பாத்தாரு. குட்டிக்கு பால் பல்லு 28 இருக்குமாம், அதெல்லாம் விழுந்து 42 பல்லு முளைக்கிறது ஆறு ஏழு மாசத்துல முடிஞ்சிருமாம், அதுவரைக்கும் வயச ஓரளவு கரெக்டா சொல்லலாம், அதுக்கு மேல பல்லு தேஞ்சிருக்கிறதையும் கறையையும் வச்சு குத்துமதிப்பாத்தான்னு சொல்லிட்டாரு. ஸோ இவன் என்னைக்கு பொறந்தான், அம்மா யாரு, எந்த மூலையில வளந்தான், யாருக்கும் தெரியாது. ஆரம்பத்துல எனக்கு அது ஒரு குறையா இருந்துச்சு, போகப்போக அதுவே சுவாரசியமாயிடுச்சு, ஏன்னா பழைய கதை எல்லாம் தவணை முறையில வெளிய வருது. துடைப்பத்த எடுத்தா கட்டிலுக்கு அடியில போயிருவான். மாடிப்படி முன்னாடி கொண்டு போய் விட்டா முதல் படியிலயே உக்காந்துருவான். ஆனா கார் கதவ திறந்தா யாரும் கூப்பிடாமலே தாவி ஏறி ஜன்னல் பக்கம் சீட்டு பிடிச்சுக்குவான், அப்ப எப்பவோ ஒரு வீடு இருந்திருக்கு போல.

இங்க ஒண்ணு சொல்லியே ஆகணும். துடைப்பத்துக்கு பயப்படுதுன்னா உடனே யாரோ துடைப்பத்தாலயே அடிச்சிருக்காங்கன்னு நாம ஒரு சோகக் கதை எழுதிடுறோம். அடிச்சிருக்கலாம், இல்லன்னு சொல்ல முடியாது. ஆனா நாய்க்குட்டிக்கு 3 வாரத்துல இருந்து சுமார் 14 வாரம் வரைக்கும் ஒரு காலகட்டம் இருக்கு, அந்த நேரத்துல எதையெல்லாம் பாத்து பழகுதோ அதெல்லாம் அதுக்கு சாதாரணம், பழகாததெல்லாம் பூச்சாண்டி. பூனைக்குட்டிக்கு அது இன்னும் சீக்கிரம் முடிஞ்சிரும், கிட்டத்தட்ட 2 வாரத்துல இருந்து 7 வாரம் வரைக்கும்தான். தெருவுல பொறந்த நாய் வாக்குவம் கிளீனர எங்க பாத்திருக்கும், கண்ணாடிக் கதவ எங்க பாத்திருக்கும்? நிறைய பயம் வெறும் அறிமுகம் இல்லாததால வர்றதுதான். இது தெரிஞ்சப்புறம் எனக்கு பெரிய நிம்மதி, ஏன்னா அடி வாங்குன ஞாபகத்த நம்மளால அழிக்க முடியாது, துடைப்பத்த அறிமுகம் பண்ணி வைக்க முடியுமில்ல? அத தரையில சும்மா கிடத்தி சுத்தி ட்ரீட்ட போட்டு வச்சோம், முதல்ல தள்ளி நின்னு கழுத்த மட்டும் நீட்டி நீட்டி எடுத்தான், அப்புறம் ஒரு கால் முன்னாடி வந்துச்சு, அப்புறம் ரெண்டு கால். இப்ப துடைப்பத்து மேலயே படுத்துக்கிறான், வீட்ட கூட்ட விட மாட்டேங்குறான்.

ரெஸ்க்யூ பண்றவங்க மூணு மூணு மூணுன்னு ஒரு கணக்கு சொல்வாங்க. 3 நாள் திகைச்சுப் போய் இருக்கும், 3 வாரத்துல வீட்டு ரொட்டீன் புரியும், 3 மாசத்துல இது நம்ம வீடுன்னு ஆகும். அது சும்மா ஒரு அளவுகோல், காலண்டர்ல வட்டம் போட்டு காத்திருக்காதீங்க, சிலது ஒரே வாரத்துல மடியில ஏறிடும், சிலதுக்கு வருசம் ஆகும். சொங்கி வந்த புதுசுல தூங்கவே இல்ல, கதவு ஓரமா உக்காந்துக்கிட்டு கொட்டாவி கொட்டாவியா விட்டான், பாவம் தூக்கம் வருது போலன்னு எல்லாரும் சொன்னாங்க. ஆனா நாய் டென்ஷனா இருந்தாலும் கொட்டாவி விடும், சும்மா சும்மா உதட்ட நக்கும், தலைய திருப்பாம கண்ண மட்டும் ஓரமா கொண்டு போகும், கண்ணுல வெள்ளை தெரியும். அந்த நேரத்துல பாசத்துல போய் கட்டிப்பிடிக்கிறத விட அதுக்கு எதிரா உக்காராம, கண்ணையே உத்துப் பாக்காம, பக்கவாட்டுல உக்காந்து நம்ம வேலைய நாம பாக்கிறதுதான் பெரிய உதவி.

அப்புறம் ஆரம்பிச்சான் பாருங்க தூக்கம். வளந்த நாய் ஒரு நாள்ல பாதிக்கு குறையாம தூங்கும்னு படிச்சிருக்கேன், இவன் அதுக்கும் மேல, பேரு வந்ததே அதனாலதான். அதுலயும் முதல்ல எல்லாம் சுருண்டு மூக்க வாலுக்குள்ள வச்சுக்கிட்டு, காது மட்டும் நம்ம பக்கம் திரும்பி திரும்பி ட்யூட்டி பாத்துக்கிட்டே இருக்கும். ஒரு மதியம் வந்து பாத்தா நாலு காலையும் மேல தூக்கி, வயித்த முழுசா காட்டிக்கிட்டு, வாய் கோணி, குறட்டை. வயிறுங்கிறது நாய்க்கு ரொம்ப பலவீனமான இடம், அத திறந்து போட்டுக்கிட்டு தூங்குறான்னா இங்க யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்கன்னு உடம்பே முடிவு பண்ணிடுச்சுன்னு அர்த்தம். நான் கிச்சனுக்கு போகாம அப்படியே நின்னுட்டேன், மிதிச்ச சத்தம் கேட்டு எந்திரிச்சுருவானோன்னு. என் லைஃப்ல கிடைச்ச எந்த சர்டிஃபிகேட்டும் இவ்வளவு சந்தோஷம் குடுத்ததில்ல.

சாப்பாட்டு விஷயம் கொஞ்சம் கஷ்டம்தான். பட்டினி கிடந்த நாய் கிண்ணத்துகிட்ட யார் வந்தாலும் உறுமும், அது திமிர் இல்ல, பறிச்சிட்டு போயிருவாங்கன்னு பயம். சில பேரு கிண்ணத்துல கைய விட்டு பழக்கணும், யாரு எஜமான்னு காட்டணும்னு அட்வைஸ் பண்ணுவாங்க, தயவு செஞ்சு பண்ணாதீங்க, அவன் பயந்தது சரிதான்னு நீங்களே நிரூபிக்கிற மாதிரி ஆயிரும். நாங்க தூரமா நடந்து போறப்ப கிண்ணத்துல இருக்கிறத விட ருசியான ஒண்ண தூக்கிப் போட்டுட்டு நிக்காம போயிட்டே இருப்போம். மனுசன் கிட்ட வந்தா சாப்பாடு குறையாது, கூடும்னு புரிஞ்சா உறுமல் தானா நிக்கும். கடிக்கிற அளவுக்கு போறதுன்னா மட்டும் நாமளே முயற்சி பண்ணாம தெரிஞ்சவங்ககிட்ட கேக்கணும்.

தொல்லை கதை வேற மாதிரி. அவள நாங்க தத்தெடுக்கவே இல்ல, அவதான் ஜன்னல் வழியா வந்து எங்கள எடுத்துக்கிட்டா. ஒரு காது நுனி நேரா வெட்டியிருக்கும், பாக்கிறவங்க எல்லாம் சண்டையில போச்சான்னு கேப்பாங்க, அது கருத்தடை பண்ணி திரும்ப விட்டதுக்கு அடையாளம். அதாவது எங்களுக்கு முன்னாடியே முகம் தெரியாத யாரோ ஒருத்தர் இவளுக்காக மெனக்கெட்டு பிடிச்சு, ஆபரேஷன் பண்ணி, விட்டிருக்காங்க. அந்த ஆளுக்கு ஒரு பெரிய கும்பிடு. பெண் பூனை நாலு மாசத்துலயே சினையாகலாம், ரெண்டு மாசத்துல குட்டி போட்டுரும், அப்ப அந்த ஒரு வெட்டு எத்தனை குட்டிங்க தெருவுல சாகாம தடுத்திருக்கும்னு யோசிங்க.

இவகிட்ட பேச்சுவார்த்தை எல்லாம் கண்ணாலதான். பூனைய பாத்து நாம கண்ண மெதுவா மூடி மெதுவா திறந்தா அதுவும் பதிலுக்கு அப்படியே செய்யும், நம்ம கிட்ட வர்றதுக்கும் யோசிக்காதுன்னு 2020ல சசெக்ஸ் யூனிவர்சிட்டி ஆளுங்க டெஸ்ட் பண்ணியே பேப்பர் போட்டிருக்காங்க. நான் அலமாரிக்கு எதிர்ல தரையில உக்காந்து கண்ண மூடி மூடி திறந்துக்கிட்டு இருந்தேன், வீட்டுல எனக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு நினைச்சாங்க. கொஞ்ச நாள் கண்டுக்கவே இல்ல மகாராணி. அப்புறம் ஒரு தடவை அவளும் மூடித் திறந்தா. அவ்வளவுதான் மேட்டர், வெளிய சொன்னா சிரிப்பாங்க, எனக்கு அன்னைக்கு ஃபுல்லா வேலையே ஓடல.

"என்ன பிரீடு?"ன்னு கேக்குறவங்களுக்கு ஒரு தகவல். 2022ல சயின்ஸ் பத்திரிகையில ஒரு பெரிய ஆராய்ச்சி வந்துச்சு, 18,000 நாய்களுக்கு மேல, கலப்பு நாய்களையும் சேத்து. ஒரு நாயோட குணம் இன்னொண்ணுல இருந்து எப்படி வேறுபடுதுங்கிறதுல பிரீடோட பங்கு சுமார் 9 சதவீதம்தான்னு அதுல சொல்றாங்க. பிரீட பாத்து குணத்த கணிக்கிறத விட, எதிர்ல நிக்கிற நாயோட அரை நாள் இருந்து பாக்கலாம். தெருநாய்ங்க சளைச்சதுங்களும் இல்ல, 1957ல ஸ்புட்னிக் 2ங்கிற ரஷ்ய விண்கலத்துல விண்வெளிக்கு போன லைக்கா மாஸ்கோ தெருவுல திரிஞ்ச நாய்தான், குளிரும் பசியும் தாங்கும்னு தெருவுல இருந்து பிடிச்சாங்க, அத திரும்ப கொண்டு வர்றதுக்கு ஏற்பாடே பண்ணல, இத படிக்கிறப்பல்லாம் எனக்கு கோவம் வரும். 1960ல போன பெல்காவும் ஸ்ட்ரெல்காவும் உயிரோட வந்துச்சுங்க, ஸ்ட்ரெல்கா போட்ட குட்டி ஒண்ணு புஷிங்கான்னு பேரோட 1961ல கென்னடி குடும்பத்துக்கு பரிசா போய் வெள்ளை மாளிகையில வளந்துச்சு. பூனை சைடுல லண்டன்ல லாரின்னு ஒருத்தன் இருக்கான், 2011ல பேட்டர்ஸீ காப்பகத்துல இருந்து பிரதமர் வீட்டுக்கு எலி பிடிக்க வந்தவன், பிரதமர்கள் மாறிக்கிட்டே இருக்காங்க, இவன் மட்டும் நகரல.

சரி, எடுக்கலாம்னு நினைக்கிறவங்களுக்கு அவசரமா சில விஷயம். நாய் தொலைஞ்சு வந்ததா இருக்கலாம், முதல்ல டாக்டர்கிட்ட தோலுக்கு அடியில ஓனர் யாருன்னு கண்டுபிடிக்க வைக்கிற சிப் இருக்கான்னு ஸ்கேன் பண்ணச் சொல்லுங்க, யாரோ எங்கயோ அழுதுக்கிட்டு தேடிட்டு இருக்கலாம். பூனைக்குட்டிங்க தனியா கிடந்தா உடனே அள்ளிட்டு வராதீங்க, தாய் இரை தேடப் போயிருக்கும், மறைவா நின்னு சில மணி நேரம் பாருங்க. நிஜமாவே அனாதைன்னா முதல்ல சூடு, அப்புறம்தான் பால், அதுவும் குட்டிங்களுக்குன்னு விக்கிற பால் பவுடர், ஜில்லுன்னு இருக்கிற குட்டிக்கு பால் ஊத்துனா செரிக்காம செத்துரும். எலும்பும் தோலுமா இருக்கிறதுக்கு ஒரே நேரத்துல வயிறு முட்ட போடாதீங்க, அதுவே ஆபத்து, கொஞ்சம் கொஞ்சமா. நாய்க்குட்டிங்கள கொல்ற பார்வோ வைரஸ் வந்து போன வீட்டுல தடுப்பூசி போடாத நாய்க்குட்டிய விடவே கூடாது, அது தரையில மாசக்கணக்குல உயிரோட இருக்கும். பூனைக்கு பாராசிட்டமால் குடுத்துராதீங்க, ஒரு மாத்திரையே கொன்னுரும். அப்புறம் ரொம்ப முக்கியம், பிடிக்கிறப்ப கடியோ கீறலோ பட்டா சோப்பு போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிசம் கழுவிட்டு நேரா ஆஸ்பத்திரிக்கு போங்க. ரேபிஸ் அறிகுறி வந்துட்டா கிட்டத்தட்ட யாரும் பிழைக்கிறதில்ல, அதுக்கு முன்னாடி ஊசி போட்டா தப்பிச்சிரலாம். இதுல வீரம் காட்டாதீங்க.

எல்லாத்தையும் வீட்டுக்குள்ள கொண்டு வரணும்னும் இல்ல. மனுச வாசமே படாம வெளியிலயே வளந்த பெரிய பூனைக்கு நம்ம வீடு ஜெயில்தான், அதுக்கு கருத்தடை பண்ணி, ஊசி போட்டு, இருந்த இடத்துலயே விட்டு சாப்பாடு வைக்கிறதுதான் அன்பு. ஆனா காப்பகத்துல மூலையில படுத்திருக்கிற வயசான நாய்ங்க இருக்கு பாருங்க, எல்லாரும் குட்டிய தேடிப் போறப்ப தலைய மட்டும் தூக்கி பாத்துட்டு திரும்ப படுத்துக்குமே, அதுங்கள பத்தி யாராவது யோசிச்சா நல்லாருக்கும். செருப்ப கடிக்கிற வயசு தாண்டியிருக்கும், குணம் என்னன்னு முன்னாடியே தெரியும், கேக்குறதெல்லாம் ஒரு மெத்தையும் கொஞ்சம் பேச்சுத் துணையும்தான்.

இத டைப் பண்றப்ப பாத்ரூம்ல ஒரு குட்டி கத்திக்கிட்டு இருக்கு. ஃபாஸ்டர்தான், டெம்பரரிதான், நல்ல வீடு கிடைக்கிற வரைக்கும்தான். புதுசா வந்த பூனைய ரெண்டு வாரமாவது தனியா வைக்கணும்ல, அதான் பாத்ரூம். தொல்லை கதவுக்கு அடியில மூக்க வச்சு சீறிக்கிட்டு இருக்கா, சொங்கி நல்லா தூங்குறான். குட்டிக்கு யாரும் பேரு வைக்கக் கூடாதுன்னு நான்தான் ரூல் போட்டேன், வீட்டுல ஆளுக்கு ஒரு பேரு சொல்லிக் கூப்பிட்டுட்டு இருக்காங்க, அதுல ரெண்டு நான் வச்சது.