நாள் தள்ளிப்போவதற்கு முன்னாடி

ஜூன் 9, 2025, திங்கள்

தை மாதம் கல்யாணம். அதற்குள் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் "விசேஷம் ஏதும் உண்டா?" என்று கேட்காத வீடு இல்லை. எங்களுக்கும் குழந்தை ஆசை நிறைய இருக்கிறது. ஆனால் முதலில் இரண்டு பேரும் டாக்டரைப் பார்த்துவிட்டு, ஆடி முடிந்த பிறகு முயற்சி செய்யலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். அத்தையிடம் சொன்னபோது, "உண்டாகறதுக்கு முன்னாடியே எதுக்கும்மா ஆஸ்பத்திரி?" என்றார்கள். கோபமாக இல்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார்கள். அவர்கள் காலத்தில் நாள் தள்ளிப்போன பிறகுதான் டாக்டர்.

ஜூன் 12, வியாழன்

அஸ்தம்பட்டியில் ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தோம். முதல் கேள்வி, "சொந்தத்துல கட்டினீங்களா?" இல்லை என்றோம். இந்தப் பக்கம் மாமன் மகள், அத்தை மகன் கல்யாணம் சாதாரணம் என்பதால் எல்லோரையும் கேட்பாராம். ஒரே குடும்பத்தில் கட்டும்போது, ஒரே குறையுள்ள மரபணு இருவரிடமும் மறைந்திருக்க வாய்ப்பு கூடுதல். இரண்டும் சேர்ந்து குழந்தைக்குப் போனால்தான் நோய் வெளியே தெரியும். சொந்தமில்லை என்றாலும் தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறை இருக்கிறதா என்று பார்க்க எனக்கு ஒரு ரத்தப் பரிசோதனை எழுதியிருக்கிறார்.

அத்தையின் கேள்விக்குப் பதில் இன்றைக்குத்தான் முழுசாகக் கிடைத்தது. குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய், கரு உண்டாகி சுமார் 28 நாளில் மூடிக்கொள்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால், நாள் தள்ளி ஏறக்குறைய இரண்டு வாரம். "டெஸ்ட் பண்ணி, வீட்ல சொல்லி, நல்ல நாள் பார்த்து என்கிட்ட வர்றதுக்குள்ள அது முடிஞ்சிருக்கும்" என்றார் டாக்டரம்மா. அதனால்தான் ஃபோலிக் ஆசிட் மாத்திரையை முன்கூட்டியே தொடங்க வேண்டும். தினம் 400 மைக்ரோகிராம், கரு உண்டாவதற்கு ஒரு மாதத்துக்கு முன்பாவது. மூன்று மாதம் என்றால் இன்னும் நல்லது. முதல் குழந்தைக்கு நரம்புக்குழாய்க் குறை இருந்தவர்களுக்கும் சர்க்கரை, வலிப்பு உள்ளவர்களுக்கும் அளவே வேறு. அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

வலிப்பு என்றதும் என் வீட்டுக்காரருடைய சித்தி மகள் ஞாபகம் வந்து கேட்டேன். சில வலிப்பு மாத்திரைகள், முக்கியமாக வால்ப்ரோயேட், கருவைப் பாதிக்கும். அதற்காகத் தானாக நிறுத்திவிட்டால் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். கரு உண்டாவதற்கு முன்பே நரம்பு டாக்டரைப் பார்த்து மாற்றிக்கொள்ள வேண்டும். ராத்திரியே அவளுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன்.

ஜூன் 21, சனி

ரிசல்ட் வந்துவிட்டது. ஹீமோகுளோபின் 10.4. கர்ப்பம் இல்லாத பெண்ணுக்கு 12 இருக்க வேண்டும். தைராய்டைக் காட்டும் டி.எஸ்.எச். 6.8. இது கூடினால் தைராய்டு போதவில்லை என்று அர்த்தம். மருந்து சாப்பிட்டு 2.5-க்குக் கீழே வந்த பிறகு முயற்சி செய்யுங்கள் என்றார் டாக்டரம்மா. சர்க்கரை இல்லை. தலசீமியாவும் இல்லை.

ருபெல்லா என்னும் ஜெர்மன் தட்டம்மைக்கு எனக்கு எதிர்ப்புச் சக்தி இல்லை. 2017-ல் தமிழ்நாடு முழுக்கத் தட்டம்மை-ருபெல்லா ஊசி முகாம் நடந்தபோது 15 வயது வரைதான் போட்டார்கள். தம்பிக்குப் பள்ளிக்கூடத்தில் போட்டார்கள். நான் அப்போது காலேஜ். கர்ப்பத்தின் முதல் மாதங்களில் ருபெல்லா வந்தால் குழந்தைக்குக் கண்புரை, காது கேளாமை, இதயக் கோளாறு வரலாம். அது உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்த ஊசி என்பதால் கர்ப்பிணிக்குப் போட மாட்டார்கள். போட்ட பிறகும் ஒரு மாதம் கரு உண்டாகக் கூடாது. இன்றைக்கே போட்டுக்கொண்டேன். இந்த ஒரு ஊசிக்காகவாவது முன்கூட்டியே வந்தது நல்லதாயிற்று.

பூச்சி மாத்திரையும் இப்போதே ஆயிற்று. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதம் அதைக் கொடுப்பதில்லை.

ஜூலை 6, ஞாயிறு

மாத்திரை நேரம்தான் பெரிய வேலை. விடிந்ததும் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை. அதன் பிறகு ஒரு மணி நேரம் காபி கிடையாது. இரும்புச்சத்து மாத்திரைக்கும் அதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் தைராய்டு மருந்து உடம்பில் சரியாகச் சேராது. அதனால் இரும்பை ராத்திரிக்குத் தள்ளிவிட்டேன். சாப்பாட்டோடு காபியோ டீயோ குடித்தால் இரும்புச்சத்து சரியாக ஏறாது. எலுமிச்சை, நெல்லிக்காய் சேர்த்தால் நன்றாக ஏறும்.

ரத்தம் ஊற வேண்டும் என்று அத்தை டப்பா டப்பாவாகப் பேரீச்சம்பழம் வாங்கி வைத்திருக்கிறார்கள். அந்த அன்புக்குக் குறையில்லை. ஆனால் நூறு கிராம் பேரீச்சையில் இரும்பு ஒரு மில்லிகிராம் அளவுதான். ஆட்டுச் சுவரொட்டி (மண்ணீரல்) எத்தனையோ மடங்கு மேல். ஞாயிறுதோறும் நன்றாக வேகவைத்து மிளகு போட்டு வறுத்துத் தருகிறார்கள். ஈரல் மட்டும் வேண்டாம் என்று சொன்னேன். அதில் வைட்டமின் ஏ மிக அதிகம். கரு உண்டாகும் சமயத்தில் அளவு மீறினால் குழந்தைக்கு ஆகாது. மற்ற நாளில் ராகிக் களியும் கீரையும். சேலத்துப் பெண்ணுக்கு இது யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஜூலை 10, வியாழன்

இன்று அவரைப் பற்றி. இந்தப் பேச்சில் ஆம்பளையை யாரும் கூப்பிடுவதே இல்லை. குழந்தை தாமதமானால் பேச்சு முழுக்கப் பெண் தலையில் விழுகிறது. இது எனக்குப் பொறுக்கவில்லை.

விந்தணு ஒன்று உருவாக ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகிறது. இன்றைக்கு ஒரு ஆம்பளை பிடிக்கும் சிகரெட் ஆவணி, புரட்டாசியில் உண்டாகும் குழந்தையின் கணக்கில் சேர்கிறது. புகை, விந்தணுவின் எண்ணிக்கையையும் குறைக்கும், அதற்குள் இருக்கும் டி.என்.ஏ.வையும் கெடுக்கும். அவர் தொழில் கொலுசுப் பட்டறை. நாள் முழுக்கச் சம்மணம் போட்டு நெருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பற்றவைப்பு. விரைக்கு உடம்பைவிடக் கொஞ்சம் குறைந்த சூடுதான் வேண்டும். பற்றவைக்கும் கலவையில் காட்மியம் என்ற நச்சு உலோகம் இருந்தால் அந்தப் புகை சிறுநீரகத்தையும் விந்தணுவையும் சேர்த்துக் கெடுக்கும். டாக்டரம்மா இதையெல்லாம் நேராக அவரிடமே சொன்னார்.

காட்மியம் இல்லாத கலவைக்கு மாறுகிறார். ஜன்னலில் காற்றை வெளியே இழுக்கும் ஃபேன் மாட்டியாயிற்று. மணிக்கொரு தரம் எழுந்து நடக்கிறார். சிகரெட்டை விட்டுவிட்டார். முதல் வாரம் சிடுசிடுப்பு தாங்கவில்லை. இப்போது சாயங்காலம் என்னோடு காந்தி ஸ்டேடியத்துக்கு நடக்க வருகிறார். பட்டறைப் பையன்களிடமும் சொல்கிறாராம். எனக்கு அவரை நினைத்தால் பெருமையாக இருக்கிறது.

ஜூலை 17, வியாழன், ஆடி 1

தலை ஆடிக்கு அம்மா வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்கள். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காடு. ஆடியில் கரு உண்டானால் சித்திரை வெயிலில் பிரசவம் என்று பிரித்து வைத்தார்கள். எங்களுக்கு ஊசிக்குப் பிறகான ஒரு மாதமும் தைராய்டு மருந்து பிடிக்கிற காலமும் இதிலேயே கழிகிறது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு, ஆடிப்பெருக்கு

அப்பாவுக்குக் காபித் தோட்டத்தில் வேலை. மருந்து அடித்த அன்று அந்த உடுப்போடு வீட்டுக்குள் வருவார். அம்மாதான் எல்லாத் துணியோடும் சேர்த்துத் துவைப்பாள். பூச்சிமருந்து தோல் வழியாகவும் உடம்பில் ஏறும். இனிமேல் அந்த உடுப்பு வெளியிலேயே தனி வாளியில், கையுறை போட்டு அலச வேண்டும், நான் தொடுவதில்லை என்று பேசினோம். அப்பா, "இத்தனை வருசம் யாரும் சொல்லலயே சாமி" என்று அம்மாவின் கையைப் பார்த்தார். மறுநாளே தனி வாளி வந்துவிட்டது.

அம்மாயி தினம் ஒரு கட்டு முருங்கைக்கீரை பறித்துத் தருகிறாள். காபி சிறிய டம்ளரில் காலை ஒன்று, மாலை ஒன்று.

செப்டம்பர் 13, சனி

ஹீமோகுளோபின் 12.1. டி.எஸ்.எச். 2.2. டாக்டரம்மா சிரித்துக்கொண்டே, "இனி உங்க இஷ்டம்" என்றார். முட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாளும்தான் வாய்ப்புள்ள காலம். அதற்காகக் காலண்டரை வைத்துக்கொண்டு பயப்படத் தேவையில்லை என்றார். 35 வயதுக்குக் கீழே என்றால் ஒரு வருடம் பார்க்கலாம், அதற்கு மேல் என்றால் ஆறு மாதம். அப்படியும் ஆகவில்லையென்றால் இருவரும் சேர்ந்தே வர வேண்டும். "ரெண்டு பேரும்" என்று அவரைப் பார்த்துச் சொன்னார். அவர் தலையாட்டினார்.

ஃபோலிக் ஆசிட் தொடர்கிறது. ஒரு விஷயத்தை டாக்டரம்மா இரண்டு முறை சொன்னதால் இங்கே எழுதி வைக்கிறேன். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிற பெண்ணுக்குக் கர்ப்பம் தெரிந்த உடனே மருந்தின் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். முதல் மாதங்களில் குழந்தைக்குச் சொந்தத் தைராய்டு வேலை செய்யாது, அம்மாவின் ஹார்மோன்தான். அதனால் இரண்டு கோடு தெரிந்த அன்றே போன் செய்ய வேண்டும், அடுத்த செக்கப் வரை காத்திருக்கக் கூடாது. நம்பரை அவர் போனிலும் பதிந்து கொடுத்துவிட்டேன்.