ஹனோய்க் குளிருக்குச் சூடான கிண்ணங்கள்

டிசம்பர் 9

வடகிழக்குக் காற்று இறங்கிவிட்டது. வியட்நாம் தலைநகர் ஹனோயில் பிப்ரவரி வரை இப்படித்தான். சில நாள் 10 டிகிரியை ஒட்டிப் போகும். இந்தக் குளிருக்கு முதலில் சொல்லவேண்டியது சாவ் சுவோன், பன்றி விலா எலும்புக் கஞ்சி. பருக்கை தெரியாமல் கூழ் போல வழவழவென்று இருப்பதுதான் இதன் அழகு.

அரிசி 150 கிராம். 4 மணி நேரம் ஊறவைத்துத் தண்ணீர் விட்டு மையாக அரைக்கவும். எலும்பு அரை கிலோ: ஒரு கொதி விட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டி, கழுவி, 2 லிட்டர் புதுத் தண்ணீரில் 1 மணி நேரம் வேகவிடவும். மாவைக் கொதிக்கும் சாற்றில் ஊற்றினால் கட்டி தட்டும். வெளிப்புறம் உடனே வெந்து, உள்ளே பச்சை மாவு சிக்கிக்கொள்ளும். சாறு கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியபின் ஊற்றி, சிறு தீயில் 25 நிமிடம் விடாமல் கிளறவும். அடிபிடித்துவிட்டால் சுரண்டக்கூடாது, மேலாக வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடவும்.

கெட்டியாக இருப்பதால் கஞ்சிக்குள் ஓட்டம் இல்லை. அடிச்சூடு மேலே வந்து ஆறுவதற்கு நேரமாகும். நாக்கைச் சுட்டுவிடும். ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றிச் சாப்பிடவேண்டும். மேலே மிளகுத்தூள், பன்றி இறைச்சிப் பூந்தூள் (பஞ்சுபோல உதிர்த்து உலர்த்திய இறைச்சி).

டிசம்பர் 10

கஞ்சியோடு வரும் குவேய் (எண்ணெயில் பொரித்த நீள மாவுத்துண்டு) நமுத்துப்போனால் மைக்ரோவேவில் வைக்காதீர்கள், ரப்பராகும். வெறும் வாணலியில் சிறு தீயில் புரட்டினால் மொறுமொறுப்பு திரும்பும்.

டிசம்பர் 15

மாட்டிறைச்சி ஃபோ, எலும்புச் சாற்றில் அரிசி நூடுல்ஸ். எலும்பு 2 கிலோ, தண்ணீர் 5 லிட்டர். எலும்பை 10 நிமிடம் தளதளவெனக் கொதிக்கவிட்டு அந்த நீரைக் கொட்டவும். பிறகு 8 மணி நேரம் சிறு கொதி மட்டுமே. பெருங்கொதியில் கொழுப்பு உடைந்து நீரோடு கலந்து சாறு கலங்கிப்போகும். அப்புறம் வடிகட்டியும் தெளியாது.

இஞ்சி 80 கிராம், வெங்காயம் 2, தணலில் சுட்டுக் கரியைச் சுரண்டிவிட்டுப் போடவும். கரி இருந்தால் கசக்கும். நட்சத்திரப்பூ (அன்னாசிப்பூ) 4, பட்டை ஒரு துண்டு, கருப்பு ஏலக்காய் 1, தனியா 1 தேக்கரண்டி: வறுத்துத் துணியில் முடிந்து கடைசி 1 மணி நேரத்துக்கு மட்டும். முதலிலேயே போட்டால் மருந்து வாடை. மீன் சாஸ் இறக்கும்போது.

குளிர்காலத்தில் பலர் கோட்டைவிடுவது பரிமாறும் இடத்தில். கிண்ணம், நூடுல்ஸ், பச்சை இறைச்சிச் சீவல் மூன்றும் குளிர்ந்திருந்தால் சாறு அங்கேயே ஆறிவிடும், சீவலும் வேகாது. கிண்ணத்தை வெந்நீரில் அலசவும். நூடுல்ஸை வெந்நீரில் 10 நொடி முக்கவும். சீவல் காகிதம் போல மெல்லியதாக இருக்கட்டும். சாறு கொதிக்கக் கொதிக்க ஊற்றவும். ஹனோயில் வெங்காயத்தாளும் பூண்டு ஊறிய வினிகரும் மிளகாயும் போதும். பச்சைப் பயறு முளையும் இனிப்புச் சாஸும் தெற்கே சைகோன் வழக்கம்.

ஜனவரி 4

பான் சோய் தாவ்: இஞ்சிப் பாகில் மிதக்கும் பசையரிசி உருண்டை. சீனரிடமிருந்து வந்தது, ‘தாவ்’ என்றால் சீனம்.

பசையரிசி மாவு 200 கிராமுக்கு வெதுவெதுப்பான நீர் சுமார் 170 மில்லி, கொஞ்சம் கொஞ்சமாக. மாவு வெடித்தால் வெறும் தண்ணீர் சேர்ப்பதைவிட ஒரு சிறு துண்டைக் கொதிநீரில் வேகவைத்து மாவோடு சேர்த்துப் பிசைவது மேல், இழுவை கூடும். பூரணம் இரண்டு விதம்: வறுத்த கருப்பு எள்ளும் சர்க்கரையும், அவித்த பாசிப்பருப்பும் தேங்காயும். ஒன்றை உருண்டையாகவும் மற்றதை நீளவாட்டிலும் பிடித்தால் குழப்பமில்லை. உள்ளே காற்று நின்றால் வேகும்போது வெடிக்கும். மிதந்தபின் இன்னும் 2 நிமிடம்.

பாகுக்குக் கரும்பு வெல்லம் 250 கிராம், நீர் 700 மில்லி, இஞ்சி 60 கிராம், 15 நிமிடம். இஞ்சியில் பாதியை நசுக்கவும், பாதியைச் சீவவும்: நசுக்கியது காரம் தரும், சீவியது வாயில் படும். மேலே தேங்காய்ப்பால், வறுத்த வேர்க்கடலை.

பிப்ரவரி 11

தூறல் நாள், அவித்த நத்தை. அரிசி களைந்த நீரில் மிளகாய் நறுக்கிப் போட்டு 4 மணி நேரம் ஊறவிட்டால் சேறு கக்கும். நாற்றமடிப்பதைத் தூக்கி எறியவும். எலுமிச்சைப்புல், எலுமிச்சை இலை, அரைக் கோப்பை நீர். மூடிவைத்து, கொதி வந்தபின் 8 முதல் 10 நிமிடம். நன்னீர் நத்தையில் ஒட்டுண்ணிப் புழு உண்டு, அரைவேக்காடு வேண்டவே வேண்டாம். தொட்டுக்கொள்ள மீன் சாஸ், சர்க்கரை, எலுமிச்சைச் சாறு, இஞ்சி, மிளகாய். ஓட்டோடு சீக்கிரம் ஆறிவிடும் பண்டம் இது. கடையில் சாப்பிட்டால் பெரிய தட்டு ஒன்றுக்குப் பதில் சின்னதாக இரண்டு முறை வாங்குங்கள்.